கால்வாய்க்கு அக்கரையில் ஆனைமங்கலம்

பிப்ரவரி 7, 2020, வெள்ளி இரவு

வகுப்பு முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நெதர்லாந்தில் நான் படிக்கும் வாகனிங்கன் ஊருக்குள் ரயில் கிடையாது. 88ஆம் எண் பஸ்ஸில் ஏட-வாகனிங்கன் நிலையம் வரை வரவேண்டும். அங்கிருந்து உட்ரெக்ட், உட்ரெக்டில் வண்டி மாறி லெய்டன். வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

லெய்டனில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மதுரைக்கார அக்கா வீட்டில் இரண்டு இரவு தங்கல். ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து வைத்திருந்தார். முதல் கவளம் உள்ளே போவதற்குள் புயல் செய்தியைச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை பெரிய காத்து வருதாம் தம்பி. சியாரான்னு பேரு வச்சிருக்காங்க. மத்தியானத்துக்குள்ள கிளம்பிடு. இல்லைன்னா திங்கட்கிழமை வரைக்கும் இங்கேயே இரு."

திங்கள் காலை எனக்கு ஆய்வகம் இருக்கிறது, போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் புயல் என்றதும் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. கஜா கரையைக் கடந்த 2018 நவம்பர் 16 விடிகாலையில் நான் கீழ்வேளூர் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தேன். அதற்கு அப்புறம் காற்று கொஞ்சம் உரக்க வீசினாலே தூக்கம் கலைந்துவிடும்.

சரி, வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் நெதர்லாந்துக்கு வந்த நாளிலிருந்து வாரம் தவறாமல் அப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "லெய்டனுக்குப் போனியாப்பா?" ஆனைமங்கலம் எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போகிற தூரம். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய சோழர் செப்பேடுகள் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பள்ளிப் புத்தகத்தில் 'லெய்டன் செப்பேடுகள்' என்று படித்ததும் அதைத்தான். ஒரு வழியாக இன்றைக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

காலையில் நல்ல வெயில். நாளைக்குப் புயல் என்று சொன்னால் நம்பவே முடியாத வானம்.

ராப்பன்பர்க் கால்வாயை ஒட்டி நடந்தேன். இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள், தண்ணீருக்கு மேல் வளைந்து நிற்கும் சின்னச் சின்னப் பாலங்கள், பாலத்தின் கம்பிகளில் சாய்த்துப் பூட்டிய சைக்கிள்கள். பல்கலைக்கழகத்தின் மூலக் கட்டடம் இந்தக் கரையில்தான் இருக்கிறது. முன்னொரு காலத்தில் கன்னியாஸ்திரிகளின் சிற்றாலயமாக இருந்த கட்டடம் அது. வாசலிலேயே அக்கா ஒரு கதை சொன்னார். நாளைக்கு வரப்போகும் காற்றை மனதில் வைத்துக்கொண்டு கேட்டதால் அது ஆழமாகப் பதிந்துவிட்டது.

1574இல் ஸ்பானியப் படை லெய்டனை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தது. ஊருக்குள் பட்டினி, கொள்ளைநோய். வெளியே இருந்த டச்சுக்காரர்கள், கடல்நீரை உள்ளே விட்டு அந்தத் தண்ணீர் மேலேயே படகில் வந்து ஊரை மீட்போம் என்று தங்கள் அணைகளைத் தாங்களே வெட்டினார்கள். வயல்கள் முழுகின, ஆனால் படகு மிதக்கும் ஆழத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. கடைசியில் காற்று திசை மாறிப் புயலாக வீசி, கடலை உள்ளே தள்ளியது. தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகள் வயல்களின் மேல் மிதந்து வந்தன. அக்டோபர் 3 அன்று ஊர் விடுபட்டது. இன்றைக்கும் அந்த நாளில் லெய்டன்காரர்கள் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் சாப்பிடுகிறார்கள். பசித்துக் கிடந்த ஊருக்குப் படகில் முதலில் வந்து சேர்ந்த உணவு அதுதான். மறு வருடமே, 1575இல், ஆரஞ்சு இளவரசர் வில்லியம் இங்கே பல்கலைக்கழகத்தை நிறுவினார். தாக்குப்பிடித்ததற்குப் பரிசாக வரிவிலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று கேட்டதாகவும், ஊர் பல்கலைக்கழகத்தைக் கேட்டு வாங்கியதாகவும் ஒரு கதை உண்டு.

வயலில் கடல்நீர் ஏறினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து விவசாயி எவரைக் கேட்டாலும் சொல்லுவார். உப்பு ஏறிய மண் லேசில் தேறாது. அதைத் தெரிந்துகொண்டே அணையை வெட்டியிருக்கிறார்கள். இதையே நினைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தப் பாலத்தில் நின்றேன்.

கட்டடத்துக்குப் பின்னால்தான் ஹார்டஸ், அதாவது பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டம். தொடங்கியது 1590இல். குளூசியஸ் என்ற தாவரவியலாளர் 1593இல் பொறுப்புக்கு வந்தார். அவர் நட்ட டூலிப் கிழங்குகள் 1594இல் இங்கே பூத்தன. நெதர்லாந்து என்றதும் உலகமே நினைக்கிற அந்தப் பூ, துருக்கிப் பக்கத்திலிருந்து வந்து, மருத்துவ மாணவர்கள் மூலிகை படிக்கப் போட்ட இந்தச் சின்னத் தோட்டத்தில் வேர் பிடித்தது. குளூசியஸின் தோட்டத்தைப் பழைய அளவில் திரும்ப அமைத்திருக்கிறார்கள். கட்டம் கட்டமாகப் பாத்திகள், பாத்திக்கு ஒரு செடி. நம் வீட்டுக் கொல்லையில் பாத்தி பிடித்துக் கீரை போடுகிற மாதிரிதான். பிப்ரவரி என்பதால் பாதிப் பாத்திகள் வெறும் மண். மரத்தடிகளில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பனித்துளிப் பூக்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. இலை ஒன்றுகூட இல்லாத ஒரு குற்றுமரத்தில் மஞ்சள் நூலைக் கத்தரித்து ஒட்டியது போல் பூக்கள். கிட்டே போய் முகர்ந்தால் மெல்லிய இனிப்பு வாசனை.

கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்துவிட்டது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த ஈர வெப்பம் உடம்பில் பட்டது. மண் வாசனை, அழுகும் இலை வாசனை, எங்கோ சொட்டும் தண்ணீர். பூச்சி தின்னும் குடுவைச் செடிகள் வரிசையாகத் தொங்கின. குளிர்காலத் தோட்டம் என்று ஒரு பகுதி, அதில் சைக்காஸ் மரங்கள். டைனோசர் காலத்திலிருந்து உருவம் அதிகம் மாறாமல் வந்திருக்கும் குடும்பம் அது. பயிரியல் படிக்கிறவனை இங்கே விட்டால் வெளியே வரவே மாட்டான்.

ஒரு மூலையில் பென்சில் பென்சிலாகப் பச்சைக் குச்சிகள் நீட்டிக்கொண்டு, இலையே இல்லாமல், ஆள் உயரத்துக்கு ஒரு செடி நின்றது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எங்கள் வயல் வரப்பில் நிற்கும் அதே கள்ளி. ஆடு கடிக்காது, உடைத்தால் பால் வடியும், அந்தப் பால் கண்ணில் பட்டால் போச்சு என்று சின்ன வயதில் பாட்டி விரட்டுவாரே, அதே திருகுகள்ளி. குனிந்து பெயர்ப் பலகையைப் படித்தேன்: யூஃபோர்பியா திருகள்ளி.

லத்தீன் பெயருக்குள் கள்ளி!

இந்தப் பெயர் வந்த வழியை வகுப்பில் படித்திருக்கிறேன். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், மலபார்ப் பகுதியின் வைத்தியர்களையும் மரமேறிகளையும் பண்டிதர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு அங்குள்ள செடிகளைத் தொகுத்தார். 'ஹார்டஸ் மலபாரிகஸ்' என்ற பெயரில் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது அச்சானது. ஊர்மக்கள் சொன்ன பெயர்களை வான் ரீட் அப்படியே எழுதிக்கொண்டார். பிற்பாடு லின்னேயஸ் செடிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டியபோது, 1753இல், அந்த ஊர்ப் பெயரையே இந்தச் செடிக்கு வைத்துவிட்டார். வகுப்பில் தேர்வுக்காகப் படித்த விஷயம்தான். ஆனால் லெய்டனில், வெளியே நான்கு டிகிரி குளிர் இருக்க, கண்ணாடிக்கு உள்ளே கள்ளி என்ற சொல்லைப் பலகையில் பார்க்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

தோட்டத்தின் பின்பக்கம் பழைய வானாய்வுக்கூடம், அதைத் தாண்டினால் விட்ட சிங்கல் கால்வாய். அதற்கு அந்தக் கரையில் பல்கலைக்கழக நூலகம். அந்தக் கட்டடத்துக்குள் எங்கோ ஒரு பாதுகாப்பு அறையில் ஆனைமங்கலம் இருக்கிறது.

சொல்லிவிடுகிறேன், நான் அதைப் பார்க்கவில்லை. அதெல்லாம் காட்சிக்கு வைத்திருக்கும் பொருள் இல்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்காமல் வந்துவிட்டேன். தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய லெய்டன் செப்பேடு என்பது 21 ஏடுகள். எல்லாவற்றையும் கோத்த பெரிய வளையத்தில் ராஜேந்திர சோழனின் முத்திரை. கிட்டத்தட்ட 30 கிலோ எடை. முதல் 5 ஏடுகள் சமஸ்கிருதம், மீதி 16 தமிழ். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினான். சைவனான ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அந்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தின் நெல் வருவாயைக் கொடுத்தான். கொஞ்சநஞ்சம் இல்லை, வருடத்துக்கு 8943 கலத்துக்கும் சற்று மேல். வாய்மொழியாகக் கொடுத்ததை மகன் ராஜேந்திரன் செம்பில் வெட்டி வைத்தான். அப்புறம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேடு ஒன்றும் உண்டு, அது 3 ஏடுகள்.

அப்பா மனப்பாடமாகச் சொல்வது எல்லையை வரைந்த விதத்தைத்தான். பெண் யானை ஒன்றை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த வழியே ஊரின் எல்லையைக் குறித்திருக்கிறார்கள். சோழர் செப்பேடுகளில் இதற்கென்று ஒரு வாய்பாடே உண்டு: பிடி சூழ்ந்து, பிடாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி. கல் ஒன்று, கள்ளி ஒன்று. கல் சாயலாம், யாராவது பிடுங்கியும் போடலாம். கள்ளி தானாக வளர்ந்து வேலியாகிவிடும்.

நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் இந்த ஏடுகள் கப்பலேறின. விகாரத்தின் மிச்சமாக நாகையில் நின்ற கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே போனால் காட்டுவதற்கு ஒரு சுவர்கூட இல்லை. ஏடுகள் இங்கே பத்திரமாக இருக்கின்றன, அதில் எனக்கு நன்றி உண்டு. ஆனாலும் அவை எங்கள் மண்ணின் பத்திரம். நிலத்தின் பத்திரம் அந்த நிலத்துக்காரர்கள் போய்ப் பார்க்கிற இடத்தில் இருக்கவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். கண்ணாடி வீட்டில் கள்ளி, கால்வாய்க்கு அக்கரையில் கள்ளி என்ற சொல். இரண்டுக்கும் நடுவில் நின்றபோது என்ன உணர்ந்தேன் என்று இன்னும் எனக்குச் சரியாக எழுதவரவில்லை.

அக்கா தோளைத் தட்டி, "வா, ஒரு கோயில் காட்டறேன்" என்று கூட்டிப்போனார்.

நிஜமாகவே கோயில்தான். ராப்பன்பர்க் கரையிலேயே இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில், எகிப்தின் தாஃபே கோயில் முழுசாக நிற்கிறது. அஸ்வான் அணையால் நூபியா நீரில் முழுகப்போனபோது, அங்கிருந்த கோயில்களைப் பெயர்த்துக் காப்பாற்ற யுனெஸ்கோ உலக நாடுகளைக் கூப்பிட்டது. நெதர்லாந்தும் உதவியது. அதற்கு நன்றியாக எகிப்து 1969இல் கொடுத்த பரிசு இது. 657 கற்கள். பிரித்துக் கொண்டுவந்து திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். ரோமப் பேரரசின் ஆட்சி எகிப்தில் தொடங்கிய காலத்துக் கோயில். மேலே கூரை போட்ட கூடம், மணல் நிறக் கல்லின் மேல் மெல்லிய வெளிச்சம். டிக்கெட் வாங்கும் இடத்துக்கு முன்னாலேயே கோயில் இருப்பதால், காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் உள்ளே நின்று பார்க்கலாம். செருப்பைக் கழற்றவேண்டும் போல் காலில் ஒரு கூச்சம். உடைமைக்காரன் மனமுவந்து கொடுத்தது என்பதால் அங்கே நிற்கும்போது நெஞ்சில் உறுத்தல் எதுவும் இல்லை.

உள்ளே மம்மிகள், கிரேக்கப் பானைகள், ரோமானியர் காலத்து நெதர்லாந்துப் பொருள்கள் எல்லாம் உண்டு. வேகமாகத்தான் பார்த்தேன். மனம் அங்கே இல்லை.

மதியம் ஒரு கடையில் பட்டாணி சூப். கரண்டியைக் குத்தினால் சாயாமல் நிற்கவேண்டும், அதுதான் பதம் என்கிறார்கள். சூடாக இறங்கியது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இனவியல் அருங்காட்சியகத்துக்கு அப்புறம் போனோம். ஜாவாவின் சிங்கசாரியிலிருந்து வந்த 13ஆம் நூற்றாண்டுச் சிலைகளை அங்கே பார்த்தோம். மகிஷனை மிதித்து நிற்கும் துர்க்கை. அந்தப் பக்கம் திரும்பினால் பிள்ளையார். வயிறு, தும்பிக்கை எல்லாம் நாம் அறிந்த பிள்ளையார்தான். ஆனால் மண்டையோடுகளால் ஆன பீடம், காதிலும் மண்டையோடு. எங்கள் தெருமுனைப் பிள்ளையாரைத் தோப்புக்கரணம் போட்டுக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு இந்த உக்கிரம் புதிது. விளக்கில்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லை, அறுகம்புல்லில்லை. அக்கா ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். அதைப் பார்த்து நானும். இதே சிங்கசாரியிலிருந்து இங்கே வந்திருந்த பிரஞ்ஞாபாரமிதை என்ற பௌத்தத் தேவியின் சிலையை 1978இல் இந்தோனேசியாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று அக்கா சொன்னார். அப்படிக் கொடுக்க முடியும் என்பதைக் கேட்டதில் ஒரு ஆறுதல்.

இரவு பதினொரு மணி. வெளியே மரக்கிளைகள் அசையவே இல்லை. அப்பாவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை, அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே ஜன்னல் சட்டங்கள் முனகத் தொடங்கிவிட்டன. வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்திருந்தது. இன்றைய முதல்நிலை லீக் கால்பந்து ஆட்டங்கள் எல்லாமே ரத்து. ஆனால் ஸேலண்ட் மாகாணத்தில் உள்ள பெரிய கடல் தடுப்பணையின் மேல் எதிர்க்காற்று சைக்கிள் போட்டி மட்டும் நிச்சயம் நடக்குமாம்! புயலுக்காகவே காத்திருந்து, காற்று போதுமான வேகத்தில் வீசும் நாளில், கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் எட்டரை கிலோமீட்டர் எதிர்க்காற்றில் மிதிக்கிற தேசியப் போட்டி. இந்த நாட்டு மக்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போன காரணங்களில் இதுவும் ஒன்று.

"இங்கே மழையைப் பத்தி யாரும் கவலைப்பட மாட்டாங்க தம்பி. காத்தைத்தான் பார்ப்பாங்க" என்றார் அக்கா.

பத்து மணிக்கு பூர்ஹாவ அருங்காட்சியகம் திறந்ததும் உள்ளே நுழைந்துவிட்டேன். அறிவியல், மருத்துவ வரலாற்றுக்கான இடம். இரண்டு மணி நேரம்தான் இருந்தேன், நான்கு மணி நேரம் வேண்டும். ஹீலியத்தை 1908இல் இதே லெய்டனில் காமர்லிங் ஓனஸ் முதன்முதலாகத் திரவமாக்கிய கருவி, பழைய உடற்கூறியல் அரங்கின் மாதிரி, மின்சாரத்தைச் சேமித்த லெய்டன் ஜாடி. நான் அதிக நேரம் நின்றது லேவன்ஹூக்கின் நுண்ணோக்கி முன்னால். கட்டைவிரல் அளவு உலோகத் தகடு, அதில் குன்றிமணியைவிடச் சின்ன லென்ஸ். அவ்வளவுதான். துணி வியாபாரம் செய்த ஒரு மனிதர் இதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் உயிர்கள் நீந்துவதைப் பார்த்தார். நான் திங்கட்கிழமை உட்காரப்போகும் நுண்ணோக்கிக்கு இதுதான் பாட்டன்.

அந்தக் கட்டடமே ஒரு பழைய மருத்துவமனை. பூர்ஹாவ என்ற மருத்துவர் 18ஆம் நூற்றாண்டில் இங்கே 12 படுக்கைகளை வைத்துக்கொண்டு நோயாளியின் பக்கத்திலேயே நின்று பாடம் நடத்தினார். ஹார்டஸ் தோட்டத்துக்கும் அவர்தான் பொறுப்பு. அந்நாளில் மருந்துக்கடையும் தோட்டமும் ஒன்றுதானே.

ஒன்றரை மணிக்கு ரயில் நிலையம். அறிவிப்புப் பலகையில் பாதி வண்டிகளுக்குக் குறுக்குக்கோடு. உட்ரெக்ட் வண்டி ஒன்று வந்தது. அக்கா ஒரு டப்பாவில் புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தார். "போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு, மறக்காத" என்று மூன்று தடவை சொன்னார்.

லெய்டனைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தட்டையான பச்சை. ஒளிந்துகொள்ள ஒரு மேடுகூட இல்லாத நிலம், காற்றுக்கு முழுக்கத் திறந்து கிடந்தது. வாய்க்கால் தண்ணீரில் கடல் மாதிரி அலை. செம்மறியாடுகள் எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே வரிசையில் படுத்திருந்தன. கடற்காகம் ஒன்று சிறகடித்து முன்னே போகப் பார்த்தது. போக முடியாமல் அதே இடத்திலேயே தொங்கி, அப்புறம் பின்னாலேயே தள்ளப்பட்டுப் போயிற்று.

பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் எங்கேயோ தண்டவாளத்தில் மரம் விழுந்திருக்கிறதாம், அப்புறப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டும். விளக்கு ஒரு முறை அணைந்து எரிந்தது. நின்ற பெட்டியைக் காற்று பக்கவாட்டில் பிடித்து ஆட்டியது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. கஜா அன்றும் முதலில் விளக்குதான் போயிற்று.

எதிர் இருக்கையில் நரைத்த தலையோடு ஒரு அம்மா. என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கைப்பையிலிருந்து கறுப்பு அதிமதுர மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உப்பும் கசப்புமான அந்த மிட்டாய் எனக்கு இதுவரை பிடித்ததில்லை. இன்று வாயில் போட்டுக்கொண்டேன். எந்த நாடு, என்ன படிப்பு என்று கேட்டார். பின்பு, காற்றுக்குப் பயமா என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்றேன். கஜாவைப் பற்றிச் சொன்னேன். நள்ளிரவுக்கு மேல் ஓட்டுக்கூரை எழும்பி எழும்பி அடித்ததை, அப்பாவும் நானும் கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்ததை, விடிந்து பார்த்தபோது தோப்பில் ஒரு தென்னைகூட நேராக இல்லாததை. தாத்தா நட்ட மரங்கள் அவை. ஒரு தென்னை காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று அவர் கேட்டார். சொன்னதும் தலையை மெதுவாக ஆட்டினார்.

அவர் ஸேலண்டில் பிறந்தவர். 1953 பிப்ரவரி முதல் தேதி அவருக்கு ஏழு வயது. வடமேற்குப் புயலும் பெருவோதமும் ஒரே இரவில் சேர்ந்து அணைகளை உடைத்த நாள் அது. நாடு முழுக்க 1836 பேர் இறந்தார்கள். அப்பா பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பரணில் ஏற்றினாராம். தொழுவத்தில் மாடுகள் கத்திக்கொண்டே இருந்தன என்றார். "கொஞ்ச நேரம் கழித்துக் கத்தவில்லை." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் தொழுவத்துப் பசு பிழைத்துக்கொண்டது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் நான் படித்த அந்தச் சைக்கிள் போட்டி நடக்கும் தடுப்பணை, அந்த வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய அணைகளில் ஒன்று. 1986இல் திறந்தார்கள். ஒன்பது கிலோமீட்டர் நீளம், 62 இரும்பு மதகுகள். சாதாரண நாளில் மதகுகள் மேலே தூக்கியே இருக்கும், கடல் உள்ளே வந்து போகும். பெருநீர் வரும் நாளில் மட்டும் இறக்குவார்கள். முழுக்க அடைத்துவிடலாம் என்பதுதான் முதல் திட்டம். அடைத்தால் சிப்பியும் மீனும் செத்துப்போகும் என்று மீனவர்களும் மற்றவர்களும் எதிர்த்ததால் இப்படி மாற்றினார்கள். இதை அந்த அம்மா சொன்னபோது குரலில் ஒரு பெருமிதம். தன் குடும்பத்தின் மாடுகளை விழுங்கிய கடலின் மீனுக்காகவும் பேசுகிறவர்.

முக்கால் மணி நேரம் கழித்து வண்டி நகர்ந்தது. உட்ரெக்டில் அவர் இறங்கி வேறு பக்கம் போனார். போகும்போது மிட்டாய்ப் பொட்டலத்தை என் கையிலேயே விட்டுவிட்டார்.

உட்ரெக்டில் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து புளிசாதம். அப்புறம் கிடைத்த வண்டியில் ஏட. பஸ் வந்தது, ஆனால் ஊர்ந்து ஊர்ந்துதான் வந்தது. சாலையோரத்துக் கிளைகளை ஓட்டுநரே ஒரு தடவை இறங்கி இழுத்துப் போட்டார். வாகனிங்கன் பஸ் நிலையத்தில் என் சைக்கிள் நாற்பது ஐம்பது சைக்கிள்களோடு சேர்ந்து ஒரே குவியலாகக் கிடந்தது. தேடி உருவி எடுத்து ஏறினால் மிதிக்கவே முடியவில்லை. மழை ஊசியாக முகத்தில் குத்தியது. பாதி தூரம் உருட்டிக்கொண்டே நடந்தேன். விடுதி வந்து சேர இரவு எட்டு மணி. அக்காவுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

காற்று இன்னும் முழுக்க ஓயவில்லை. ஆய்வகத்துக்குப் போகும் பாதையில் பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் வேர்க்குழியில் அதற்குள் தண்ணீர் தேங்கிவிட்டது.

மதிய இடைவேளையில் லெய்டன் நூலகத்துக்கு எழுதினேன். என் ஊர், அதற்கும் ஆனைமங்கலத்துக்கும் உள்ள தூரம், அந்த ஏடுகளை ஒரு முறை கண்ணால் பார்க்க அனுமதி வேண்டும் என்பது. மூன்று தடவை திருத்திவிட்டு அனுப்பினேன்.

அப்பாவின் பதில் வந்திருந்தது. நான் அனுப்பிய கள்ளிப் படத்துக்குப் பதிலாக அவரும் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். எங்கள் தோப்பின் தெற்கு மூலை. கஜாவில் விழுந்த தென்னைகளின் அடிக்கட்டைகள் இன்னும் அங்கங்கே தெரிகின்றன. நடுவில் இடுப்பளவுக்கு வந்திருக்கும் புதுக் கன்றுகள். வரப்பு ஓரமாக, படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரைக்கும், அடர்த்தியாகக் கள்ளி. கீழே ஒரு வரி:

"இது அன்னைக்கும் சாயலை. செப்பேட்டைப் பார்த்தியா?"

"எழுதியிருக்கேன்பா" என்று பதில் போட்டேன்.